வெளிச்சத்துக்குக் கூசும் உருளை

எங்கள் மாவட்டத்தில் ஒருவர் தாம் யார், எந்த ஊர் என்று நிரூபிக்க ஆகக் குறைந்தது மூன்று தாள்கள் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் ஒன்று, தேசிய அடையாள அட்டை ஒன்று, காணிக்கு ஏதாவது ஒரு பத்திரம். இவற்றின் மூலப் பத்திரத்தை யாரும் யாரிடமும் கொடுத்துவிட்டு வருவதில்லை. கொடுப்பது போட்டோக்கொப்பியைத்தான். பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்கவும், வங்கியில் கணக்குத் திறக்கவும், வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பிக்கவும், மீன்பிடிப் படகைப் பதியவும் அதுதான் போகிறது. இப்படி நம் வாழ்க்கையோடு ஒட்டிப்போன அந்தத் தாளில் எழுத்து எப்படி வந்து ஒட்டுகிறது என்று கேட்டால், "மெஷின் படம் பிடிக்குது" என்பதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்வோம்.

மெஷினுக்குள்ளே இருட்டில் ஓர் உருளை இருக்கிறது. அதன் மேலே தலைமயிரைவிட மெல்லியதாக ஒரு பூச்சு இருக்கிறது. எழுத்தைப் பிடிப்பது அந்தப் பூச்சுத்தான். அதனால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைக்கொண்டே அந்தச் சந்தேகத்துக்குப் பதிலும் கிடைத்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

வாப்பாவின் கடை நாயாற்றில் இருக்கிறது. முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குப் போகும் கரையோர வீதியில் அளம்பில், செம்மலை எல்லாம் தாண்டி வந்தால், ஒரு பக்கம் நீரேரியும் மறுபக்கம் கடலுமாக இருக்கும் இடம் நாயாறு. கடை என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். ஒரு மேசை, கண்ணாடி அலுமாரி ஒன்று, றீலோட் காட்டுகள், கொப்பி பென்சில், மூலையில் பழைய போட்டோக்கொப்பி மெஷின். பெயர்ப்பலகையில் கொமியூனிகேஷன் என்று இருக்கிறது. படகுப் பத்திரத்தோடு கடற்றொழிலாளர் வருவார்கள். மேற்குக் கரையிலிருந்து பருவத்துக்கு வந்து வாடி அடித்துத் தங்குவோர் அடையாள அட்டையோடு வருவார்கள். கடந்தகால வினாத்தாளோடு பிள்ளைகள் வருவார்கள். நான் விடுதியிலிருந்து விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் கடையில் வாப்பாவுக்கு உதவியாக நிற்பேன்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. ட்ரம்மை வெளியே எடுத்தால் உடனே கறுப்புத் தாளில் சுற்றிவிட வேண்டும். விரலால் அதன் மேற்பரப்பைத் தொடவே கூடாது. "அதுக்கு வெளிச்சம் கூசும் மகள். வெயில்ல வெச்சா களைச்சிப் போயிரும்" என்பார் வாப்பா. உயிருள்ள ஒன்றைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறாரே என்று நான் சிரித்தபோது, கழித்துப் போட வைத்திருந்த பழைய ட்ரம் ஒன்றை எடுத்து, அதன் நடுப்பகுதியில் மட்டும் கறுப்புத் தாளைச் சுற்றி வாசலில் வெயிலில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தாளை அகற்றி மெஷினில் பூட்டி ஒரு வெற்றுத்தாளைக் கொப்பி எடுத்தார். வந்த தாளின் நடுவில் வெள்ளையாக ஒரு பட்டி. இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் அழுக்குப் பிடித்ததுபோல் கிடந்தது. வெயில் பட்ட இடம் களைத்துவிட்டது, மூடியிருந்த இடம் தப்பிவிட்டது. இதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. ஏன் என்று தேடத் தொடங்கினேன்.

நாம் விஞ்ஞான பாடத்தில் கடத்தி, காவலி என்று இரண்டு வகை படிக்கிறோம். செம்பு கடத்தி, கண்ணாடி காவலி. இந்த உருளையின் பூச்சு இரண்டுமாக இருக்கும் விசித்திரமான பொருள். இருட்டில் அது காவலி. வெளிச்சம் பட்டவுடன், பட்ட இடத்தில் மட்டும் கடத்தியாகிவிடும். இதை ஒளிகடத்தி என்கிறார்கள்.

நாயாற்றுப் பிள்ளைகளுக்கு இதை விளங்கவைப்பது எளிது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்திருக்கும் காலத்தில் நீரேரியின் தண்ணீர் கடலுக்குப் போகாமல் உள்ளேயே நிற்கும். மணலை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் அந்த இடத்தால் தண்ணீர் ஓடிவிடும். உருளையின் உட்புறம் அலுமினியம். அதைக் கடல் என்று வையுங்கள். மேற்பரப்பில் ஏற்றிவைக்கும் மின்னேற்றம் நீரேரித் தண்ணீர். இடையில் உள்ள பூச்சு மணல்மேடு. வெளிச்சம்தான் மண்வெட்டி. வெளிச்சம் விழுந்த இடத்தில் மேடு வெட்டப்பட்டு ஏற்றம் அலுமினியத்துக்கு வடிந்துவிடுகிறது. விழாத இடத்தில் நிற்கிறது.

பழைய மெஷினில் நடப்பது இதுதான். முதலில் இருட்டில் உருளை முழுவதும் பல நூறு வோல்ற்று அளவுக்கு ஏற்றம் பூசப்படும். பிறகு கண்ணாடியில் கவிழ்த்து வைத்த தாளில் விளக்கொளி விழுந்து, தெறித்து உருளைக்கு வரும். தாளின் வெள்ளைப் பகுதி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். எழுத்தின் கறுப்பு அனுப்பாது. ஆகவே உருளையில் எழுத்து இருக்கவேண்டிய இடங்களில் மட்டும் ஏற்றம் எஞ்சும். கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து அங்கே எழுதப்பட்டுவிட்டது. அதன் மேல் எதிர் ஏற்றமுள்ள கறுப்புத் தூளைத் தூவினால், சீப்பில் கடதாசித் துண்டு ஒட்டுவதுபோல் எழுத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூளை வெற்றுத்தாளுக்கு இழுத்து, சூடான உருளைகளுக்கிடையே நசுக்கினால் தூளில் இருக்கும் பிளாஸ்ரிக் உருகித் தாளோடு ஒன்றிவிடும். கொப்பி கையில் வரும்போது சுடுவது அதனால்தான். மிஞ்சிய தூளை ஒரு இறப்பர் தகடு வழித்துவிடும். பிறகு உருளை முழுவதும் ஒரு விளக்கு எரிந்து, மிஞ்சிய ஏற்றத்தையும் அழித்துவிடும். அடுத்த தாளுக்கு உருளை எதையும் நினைவில் வைத்திராமல் வரும்.

இன்றைய லேசர் மெஷின்களில் ஒரு தலைகீழ் மாற்றம் உண்டு. அவற்றில் எழுத்தையே லேசர் ஒளி எழுதுகிறது. வெளிச்சம் பட்டு ஏற்றம் வடிந்த இடத்தில்தான் தூள் ஒட்டும். வாப்பாவின் பழைய ட்ரம்மில் வெயில் பட்ட பகுதி சாம்பல் நிறமாக வந்ததன் காரணம் இப்போது புரியும். களைத்த பூச்சினால் இருட்டில் ஏற்றத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. மெஷின் அந்த இடத்தில் எழுத்து இருப்பதாக எண்ணித் தூளை ஒட்டிவிட்டது.

இந்தப் பூச்சின் கதை நீளமானது. 1873இல் வில்லோபி சிமித் என்ற பொறியியலாளர் கடலுக்கடியில் போடும் தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்குச் செலனியத் துண்டுகளைப் பயன்படுத்தினார். அவற்றின் மின்தடை ஒரே அளவில் நிற்கவில்லை. வெளிச்சம் படும்போது குறைந்தது, இருட்டில் கூடியது. இந்தச் செய்தியை அவர் வெளியிட்டபோது, இதனால் ஒருநாள் காணிப் பத்திரம் கொப்பி எடுப்பார்கள் என்று யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

எண்ணியவர் செஸ்ரர் கார்ல்சன். 1906இல் அமெரிக்காவின் சியற்றில் நகரில் பிறந்தவர், வறுமையில் வளர்ந்தவர். நியூ யோர்க்கில் காப்புரிமை சம்பந்தமான வேலையில் இருந்தபோது பத்திரங்களின் பிரதி எப்போதும் போதாமல் இருந்தது. இரவில் சட்டம் படித்தார். புத்தகம் வாங்க வசதியில்லாததால் நூலகத்தில் இருந்து கையால் பிரதி பண்ணினார். மூட்டுவலியும் இருந்தது. கை வலியில் பிறந்த யோசனைதான் இது. 1938 ஒக்டோபர் 22ஆம் திகதி, நியூ யோர்க்கின் அஸ்ரோரியா பகுதியில் வாடகைக்கு எடுத்த அறையில், ஒட்டோ கோர்னை என்ற உதவியாளரோடு ஒரு துத்தநாகத் தகட்டில் கந்தகத்தைப் பூசினார்கள். கைக்குட்டையால் தேய்த்து அதற்கு மின்னேற்றினார்கள். அன்றைய திகதியையும் அஸ்ரோரியா என்ற பெயரையும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து, சில விநாடிகள் விளக்கொளியைக் காட்டினார்கள். கண்ணாடியை எடுத்து மென்மையான ஒரு தாவரத் தூளைத் தூவி ஊதியபோது அந்த எழுத்துகள் தகட்டில் நின்றன. மெழுகுத்தாளை அழுத்தி அவற்றை எடுத்துக்கொண்டார்கள். உலகத்தின் முதல் உலர் பிரதி அதுதான்.

அதன் பிறகு கார்ல்சன் கம்பனி கம்பனியாக ஏறி இறங்கினார். ஒருவரும் எடுக்கவில்லை. 1944இல் ஒஹாயோவிலுள்ள பட்டெல் என்ற ஆய்வு நிறுவனம் கைகொடுத்தது. கந்தகத்துக்குப் பதிலாகச் செலனியத்தைப் பூசினால் பல மடங்கு உணர்வுடையதாக இருக்கிறது என்று அங்கேதான் கண்டார்கள். உயர்தர இரசாயனவியல் படிக்கும் தோழியருக்கு ஒரு சொல்: ஆவர்த்தன அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே இருப்பது செலனியம். ஒரே குடும்பத்தின் மூத்தவர் செய்யமுடியாததை அடுத்தவர் செய்துவிட்டார். ஹலோயிட் என்ற சிறிய போட்டோத்தாள் கம்பனி உரிமையை வாங்கி, 1959இல் செரொக்ஸ் 914 என்ற மெஷினை வெளியிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் சாதாரணத் தாளில் பிரதி வரும் மெஷின்கள் உலகெங்கும் பரவியது அதிலிருந்துதான். கைவலியோடு தொடங்கியவருக்கு அந்த நாளைக் காண இருபத்தொரு வருடம் எடுத்தது.

செலனியத்துக்குக் குறைகள் உண்டு. கூடுதலான சூட்டில் அது படிகமாகிப் பழுதாகிவிடும். நஞ்சுத்தன்மையும் உண்டு, சில வகைகளில் ஆசனிக்கும் கலந்திருந்தது. 1970இல் ஐ.பி.எம். கம்பனி சேதனச் சேர்வையால் ஆன பூச்சோடு ஒரு மெஷினை வெளியிட்டது. இன்று வாப்பாவின் கடையில் உள்ளது போன்ற பெரும்பாலான மெஷின்களில் இருப்பது சேதனப் பூச்சுத்தான்.

அதை ஒரே பூச்சு என்று சொல்வதும் சரியில்லை. அலுமினியக் குழாயின் மேல் முதலில் ஓர் அடிப்பூச்சு. அதன்மேல் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவான தடிப்பில், வெளிச்சத்தை வாங்கி ஏற்றத்தைப் பிறப்பிக்கும் படை. இதில் உள்ளது பெரும்பாலும் தலோசயனின் வகைச் சாயம். பெயின்ற் ரின்களில் நாம் காணும் கடும் நீலமும் பச்சையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ட்ரம் நீலப்பச்சையாக மினுங்குவதும் இதனால்தான். அதற்கும் மேலே இருபது மைக்ரோமீற்றர் அளவில், அந்த ஏற்றத்தை மேற்பரப்புக்குக் கடத்திச் செல்லும் படை. அது பெரும்பாலும் பொலிகாபனேற்று என்ற பிளாஸ்ரிக்கில் கலந்தது. சி.டி. தட்டுகளும் அந்தப் பிளாஸ்ரிக்கினால் ஆனவையே. தொழிற்சாலையில் குழாயைக் கரைசலில் அமிழ்த்தி, ஆடாமல் அசையாமல் ஒரே வேகத்தில் மெல்ல மேலே தூக்குவார்கள். தூக்கும் வேகம் மாறினால் பூச்சின் தடிப்பும் மாறிவிடும். இவ்வளவு பக்குவமாகப் பூசிய தோலில் விரல் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாப்பாவின் சட்டம் சும்மா வந்ததல்ல.

நாயாற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் காலையில் எடுக்கும் முதல் கொப்பிகள் கலங்கியே வரும், எழுத்து தண்ணீரில் நனைந்ததுபோல. மெஷின் ஏற்றம் பூசும்போது காற்றில் ஓசோன் முதலிய வாயுக்கள் உண்டாகின்றன. அந்தப் படிவு உருளையில் இருக்கும். அதில் ஈரம் சேர்ந்தால் மேற்பரப்பே கொஞ்சம் கடத்தத் தொடங்கிவிடும். நிற்கவேண்டிய ஏற்றம் பக்கவாட்டில் வழியும், எழுத்தின் கரை கலங்கும். மெஷினைச் சூடேறவிட்டு, நாலைந்து தாளைக் கழித்த பிறகே வாப்பா வாடிக்கையாளரின் பத்திரத்தைக் கையில் வாங்குவார். தாள் கட்டைப் பொலித்தீனில் சுற்றி வைப்பதும் இதற்காகவே.

இனி எங்கள் குடும்பத்துக் கதைக்கு வருகிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் தாள்கள் பலமுறை தொலைந்தன. நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய்ப் பக்கத்து மக்கள் 1984இன் இறுதியில் ஊரைவிட்டுப் போனார்கள். போர் முடிந்த பிறகே திரும்பினார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2004 டிசெம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. 2009இல் யுத்தம் முடிந்ததும் இந்த மண்ணில்தான். யார் எந்தச் சமூகமாக இருந்தாலும் இந்த மாவட்டத்தில் ஒரு குடும்பத்திடம் மூலப் பத்திரம் ஒன்று இன்றும் கையில் இருந்தால் அது பெரிய விஷயம்.

மூத்தாப்பாவின் காணி அனுமதிப்பத்திரம் 1990இல் வீட்டு ரங்குப்பெட்டியிலேயே நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் புத்தளத்துக்குப் போனபோது உடுத்த உடுப்போடும் கையில் பிள்ளைகளோடும் போனார்கள். வாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஆனால் அதற்கு முந்திய வருடம், ஒரு கடன் விண்ணப்பத்துக்காக மூத்தாப்பா மூன்று பத்திரங்களைக் கொப்பி எடுத்து அநுராதபுரத்தில் இருந்த உறவினர் ஒருவரிடம் கொடுத்திருந்தார். அனுமதிப்பத்திரம், வாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், மூத்தாப்பாவின் திருமணச் சான்றிதழ். கடன் கிடைக்கவில்லை. கொப்பிகள் மட்டும் ஒரு பிஸ்கட் ரின்னில் கிடந்தன. அந்த ரின்தான் எங்களுக்கு மிஞ்சிய காணி.

போர் முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, காணியை எங்கள் பெயருக்கு எடுக்க வாப்பா அந்தக் கொப்பியோடு ஓர் அலுவலகத்துக்குப் போனார். பிரச்சினை ஒரு புள்ளியால் வந்தது. காணித் துண்டு இலக்கத்தின் கடைசி எண்ணில், மேற்பக்கம் இடது புறமாக, காற்புள்ளி வடிவில் ஒரு கறுப்பு. கையால் எழுதிய ஒன்று அதனால் ஏழாகவும் தெரிந்தது. 41ஆம் துண்டா, 47ஆம் துண்டா? பழைய பேரேடும் கைக்கு எட்டவில்லை. "இது ஒண்டோ ஏழோ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? ஆரும் பேனையால கீறியிருந்தாலும் கொப்பியில இப்பிடித்தானே வரும்" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். 47ஆம் துண்டில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. அவர்களும் ஓடி, திரும்பி, மீண்டும் ஓடி, திரும்பி வந்தவர்கள். ஒரு புள்ளியைத் தவறாக வாசித்தால் ஒரு வீட்டுக்காரர் தெருவுக்கு வருவார். எனவே எங்கள் கோப்பு ஒரு மேசையில் நின்றுவிட்டது. மூத்தம்மா மட்டும் எப்போதும் சொல்வதையே சொன்னார்: "நாப்பத்தொண்டு. மாமரத்துக் காணி. எனக்குத் தெரியாதா?" ஆனால் மாமரம் பத்திரத்தில் இல்லை. மாமரமே இப்போது இல்லை.

சென்ற வருட விடுமுறையில் அந்த மூன்று கொப்பிகளையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்புள்ளி வடிவக் கறுப்பு பிறப்புச் சான்றிதழிலும் இருந்தது, எழுத்தே இல்லாத ஓரிடத்தில். திருமணச் சான்றிதழிலும் இருந்தது. அடிமட்டம் எடுத்து அளந்தேன். மூன்று தாளிலும் இடது விளிம்பிலிருந்து அதே தூரம், எட்டரைச் சென்ரிமீற்றர் அளவு. மேலும் பார்த்தால், ஒவ்வொரு தாளிலும் அது இரண்டு தடவை இருந்தது. அனுமதிப்பத்திரத்தில் மேலிருந்து 6 சென்ரிமீற்றரில் ஒன்று, 25இல் ஒன்று. பிறப்புச் சான்றிதழில் 2இலும் 21இலும். திருமணச் சான்றிதழில் 11இலும் 30இலும். எங்கே தொடங்கினாலும் இடைவெளி ஒன்றுதான்: 19 சென்ரிமீற்றர்.

இதன் பொருள் விளங்க ட்ரம்மை நினைக்கவேண்டும். உருளை ஒருமுறை சுற்றும்போது தன் சுற்றளவு அளவுக்குத் தாளில் எழுதுகிறது. அதன் தோலில் ஓரிடத்தில் பழுது இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் பழுது தாளில் பதியும். 19ஐ 3.14ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6. ஆறு சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருளை. அந்த உருளையில் தூள் ஒட்டிக் காய்ந்துபோன ஒரு பொட்டு. பொட்டின் கீழே வெளிச்சம் போகாது. வெளிச்சம் போகாத இடத்தில் ஏற்றம் நிற்கும். ஏற்றம் நின்ற இடத்தில் கறுப்பு வரும். 1989இன் மெஷினில் அப்படித்தான் நடக்கும். மூன்று தாளையும் ஒரே நாளில் ஒரே மெஷினில் கொப்பி எடுத்ததால் மூன்றிலும் அதே வடு. அது மூத்தாப்பாவின் பத்திரத்தில் இருந்த மை அல்ல. பேனையால் கீறியதாக இருந்தால், பிறப்புச் சான்றிதழின் வெற்றிடத்தில் அதே வடிவத்தில், அதே விளிம்புத் தூரத்தில், 19 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு தடவை எப்படி வரும்?

போலிப் பத்திரங்களை ஆராயும் நிபுணர்கள் இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள் என்று பின்னர் படித்தேன். எந்த மெஷினில் ஒரு பிரதி எடுக்கப்பட்டது என்பதை உருளையின் வடுக்களை வைத்தே ஒப்பிடுகிறார்களாம். ஒவ்வொரு உருளைக்கும் காலப்போக்கில் தனக்கென்று ஒரு கீறல், ஒரு பொட்டு வந்துவிடுகிறது.

வாப்பாவும் நானும் மூன்று கொப்பிகளையும் ஓர் அடிமட்டத்தையும் கொண்டு அதே அலுவலகத்துக்குப் போனோம். உத்தியோகத்தர் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு அடிமட்டத்தைத் தானே வாங்கினார். ஒவ்வொரு தாளாக அளந்தார். இரண்டாம் முறையும் அளந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தங்கச்சி, இந்தக் கணக்கை ஒரு தாளில எழுதித் தாங்கோ" என்றார். எழுதிக் கொடுத்தேன், அதைக் கோப்பில் இணைத்தார். கொப்பியை மட்டும் வைத்துத் தீர்க்கமுடியாது, இடத்துக்கு வந்து பார்க்கவேண்டும், அயலவரிடம் கேட்கவேண்டும் என்றும் சொன்னார்.

அவர்கள் வந்த நாளில் 47ஆம் துண்டுக்கார அம்மா தானாகவே வேலிக்கு வந்தார். "இவையின்ர காணி நாப்பத்தொண்டுதான். இவையின்ர உம்மா எங்கட கிணத்தில தண்ணி அள்ளினவ" என்றார். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஒரு நினைவு, ஓர் அடிமட்டத்தின் கணக்கோடு ஒத்துப்போனது. மூத்தம்மா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். கோப்பு இப்போது அடுத்த மேசைக்குப் போயிருக்கிறது. இன்னும் எத்தனை மேசை என்று தெரியாது. ஆனால் ஒன்றா ஏழா என்ற கேள்வி இப்போது அதில் இல்லை.

இதைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இரண்டு விஷயங்கள் படுகின்றன. கொப்பி என்றால் அசலைவிடக் குறைந்தது என்று நாம் நினைக்கிறோம். சட்டத்தில் அது சரியாக இருக்கலாம். ஆனால் அசலுக்கு இல்லாத ஒரு பலம் கொப்பிக்கு உண்டு: ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருக்கமுடியும். முல்லைத்தீவில் ரங்குப்பெட்டி போனபோது அநுராதபுரத்தில் பிஸ்கட் ரின் இருந்தது. கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களுக்கு மார்க்கம் சொல்லியிருக்கிறது. எழுதியதை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் மாவட்டத்தின் வரலாறு சொல்கிறது.

இரண்டாவது, மறதியைப் பற்றியது. உருளை ஒவ்வொரு தாளையும் மறந்துவிட வேண்டும். மறந்தால்தான் அடுத்த தாள் சுத்தமாக வரும். அதற்காகவே விளக்கு எரிந்து அழிக்கிறது. தாள் மறந்தால் வீடு போய்விடும். மெஷினுக்குள்ளே மறக்கிற ஒன்றும் மறக்காத ஒன்றும் ஒரு கணம் தொட்டுக்கொண்டு பிரிகின்றன. அந்தத் தொடுகையில் உருளையின் வடுவும் தாளுக்குப் போய்விட்டது. அதை அழுக்கு என்றுதான் எல்லோரும் பார்த்தோம். அழுக்குக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. அளந்து பார்த்தபோது அது பேசியது.

தோழியருக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள். முக்கியமான பத்திரங்களைக் கொப்பி எடுக்கும்போது கடையை விட்டு இறங்குமுன் எண்களையும் பெயர்களையும் அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணின் மேல் புள்ளியோ கோடோ விழுந்திருந்தால் வெட்கப்படாமல் இன்னொன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். கொப்பியின் பின்புறம் எடுத்த திகதியை எழுதுங்கள். ஒன்றை வீட்டில் வையுங்கள்; மற்றதை வேறு ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கொப்பிகளைச் சூடான இடத்திலோ பிளாஸ்ரிக் உறைக்குள் இறுக்கியோ வைத்தால் கறுப்புத் தூள் உறையில் ஒட்டிக் கழன்று வந்துவிடும். இடையே ஒரு வெற்றுத்தாளை வையுங்கள். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள், வீட்டில் கிடக்கும் பழைய தாள்களில் புள்ளிகளைத் தேடி அளந்து பாருங்கள். நீங்கள் ஒருபோதும் காணாத ஓர் உருளையின் அளவு உங்கள் அடிமட்டத்தில் வந்து நிற்கும்.

எங்கள் கடையில் இப்போது இன்னொரு சட்டமும் சேர்ந்திருக்கிறது. காணிப் பத்திரமோ சான்றிதழோ கொண்டு யார் வந்தாலும், வாப்பா முதலில் கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக் கொப்பி எடுக்கிறார். வந்த தாளை வாசல் வெளிச்சத்தில் பிடித்து, புள்ளி இருக்கிறதா என்று மேலும் கீழும் பார்க்கிறார். "ஏன் நானா வெறும் தாளக் கொப்பி எடுக்குறீங்க?" என்று சிலர் கேட்பார்கள். வாப்பா பதில் சொல்வதில்லை. தாள் சுத்தமாக இருந்தால்தான் அவர்களின் பத்திரத்தைக் கையில் வாங்குகிறார்.